பின்கதவு இல்லாத றாக்கை

நம்முடைய கணினிக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்த வயர் எந்த ஓட்டைக்குள் போகும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கிறது. தாளைத் தொலைத்தவர்களுக்கு யூடியூப் இருக்கிறது. நான் அளவெடுத்ததில் ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழையை ஒரு பொய்யால் மூடினேன். அந்தப் பொய் ஒரு பகல் பொழுதில் என்ன செய்யப் பார்த்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். மற்ற வேலையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள் என்று கேள்வி.

வீட்டுக்கு றாக்கை கேட்டு வருபவர்கள் மன்னாரில் அதிகம் இல்லை. கணினிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி வைக்கும் இரும்புச் சட்டத்தைத்தான் றாக்கை என்கிறேன். வங்கியிலும், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒரு கணினி இருந்தால் மேசை போதும். மூன்று நான்கு இருந்தால் றாக்கை நல்ல யோசனைதான். நிலத்தில் வைத்த பெட்டிக்குள் இங்கே மணல் போகும், உப்புக் காற்று போகும், ஒருமுறை ஒரு வீட்டில் பல்லி போய்க் குடும்பம் நடத்தியது.

பௌசியா கொண்டச்சியில் இருந்தார். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுப்பது அவருடைய தொழில். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் வெளி ஆண்கள் போவதில்லை. உள்ளே மணப்பெண் முக்காடு இல்லாமல் இருப்பாள், தோழிகளோடு பாடுவாள், சிரிப்பாள். அதை எடுக்க ஒரு பெண்தான் வேண்டும். சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டி வரைக்கும் எல்லாரும் அவரைத்தான் அழைத்தார்கள். எடுத்த படத்தை அவர் வீட்டிலேயே வெட்டி ஒட்டி, ஒரே ஒரு பென்டிரைவில் போட்டு, மணப்பெண்ணின் உம்மாவின் கையில் கொடுப்பார். அந்தக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. பழுதான டிஸ்கைத் திருத்தவும் வெளியே அனுப்பமாட்டார். ஒருமுறை என் கண் முன்னால் ஒரு டிஸ்கை அம்மியில் வைத்து உடைத்தார். அம்மிக்குத்தான் சேதம்.

நான் அங்கே போகும் நாட்களில் அவருடைய உம்மா வாசலோரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் திரும்பிப் போகும்வரை எழும்பமாட்டார். பௌசியா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசித்துச் சொல்வார். நான் பார்க்காமல் திருத்துவேன். டொக்டர் நோயாளியைத் தொடாமல் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு வேலை. ஆனால் பழகிவிட்டது.

வேலை பெருகி நான்கு கணினிகள் ஆனபோது அவர் றாக்கை கேட்டார்.

"அண்ணன், முன்னுக்கும் பின்னுக்கும் கதவு இருக்கோணும். ரெண்டுக்கும் பூட்டு இருக்கோணும். மிச்சம் உங்கட விருப்பம்."

"அலுமாரியோ வாங்கப்போறா?" என்று உம்மா கேட்டார்.

"கொம்பியூட்டர் வைக்கிற அலுமாரி, உம்மா."

"உடுப்பு வைக்கேலாதோ?"

வைக்க ஏலாது என்று நான் சொன்னேன். அவருக்கு அதற்குப் பிறகு அந்தச் சாமானில் மரியாதை இருக்கவில்லை.

அவர் சொன்னது ஒரே ஒரு நிபந்தனை. இதை நன்றாகக் கவனியுங்கள். உயரம் எத்தனை, நிறம் என்ன, எந்த நாட்டுச் சாமான், எதையும் அவர் கேட்கவில்லை. இரண்டு கதவு, இரண்டு பூட்டு. அந்த ஒன்றைத்தான் நான் கோட்டை விட்டேன்.

படங்கள் எல்லாம் சேமிக்கும் பெரிய கணினிக்கு, நிறைய டிஸ்க் பிடிக்கும் ஒரு நீளமான வெளிப்பெட்டி, அதாவது கேஸ், தெரிவு செய்தேன். கேஸின் நீளம் ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர் என்று போட்டிருந்தது. றாக்கையின் ஆழம் அறுபது என்று போட்டிருந்தது. ஐந்து மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சரி என்றுதான் சொல்லும். ஆனால் அறுபது என்பது வெளி அளவு. கேஸைத் திருகும் கம்பி முன்கதவுக்கு நாலு விரல் உள்ளே தள்ளி நிற்கும். கேஸுக்குப் பின்னால் கரண்ட் வயரின் தலை நிற்கும், வயர் வளைந்து திரும்ப இடம் வேண்டும். இதையெல்லாம் கேஸ் செய்தவனும் எழுதுவதில்லை, றாக்கை செய்தவனும் எழுதுவதில்லை. நாங்கள்தான் அளக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து லொறியில் வந்த சாமானை, பௌசியாவின் கணவரும் அயல்வீட்டுக்காரர் மூன்று பேரும் சேர்ந்து உள்ளே தூக்கிவந்து வைத்தார்கள். நான் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினேன். ஒவ்வொரு கேஸுக்கும் கீழே தாங்கும் சட்டம் போட்டேன். முன்பக்கத்து இரண்டு காதுகளில் மட்டும் தொங்கவிட்டால் பாரத்தில் கேஸ் வளைந்துவிடும். அந்தப் பிழையை நான் விடவில்லை. எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பின்பக்கம் போய்க் கதவைச் சாத்தினேன். அது சாத்தவில்லை. பெரிய கேஸின் வால் வயரோடு சேர்ந்து கதவுக்கு வெளியே நாலைந்து விரல் நின்றது.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நாலு ஆம்பிளைகள் விறாந்தையில் வியர்வை துடைத்துக்கொண்டு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பௌசியா வாசலில் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்கதவின் பிணைச்சலைக் கழற்றி, கதவை எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.

"ஏன் அண்ணன், அது தேவையில்லையோ?"

"பின்கதவு இல்லாட்டித்தான் காத்து நல்லாப் போகும். இஞ்சத்த வெக்கைக்கு அதுதான் நல்லம்."

"பூட்டு?"

"சுவரோட ஒட்டித்தானே நிக்கப்போகுது. ஆர் பின்னால போறது?"

"அப்பச் சரி," என்றார். என்னை நம்பினார். நான் றாக்கையைச் சுவரோடு தள்ளினேன். அதற்குக் கீழே உருளும் சில்லு இருந்தது. தள்ளக்கூடிய சாமானை இழுக்கவும் முடியும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

உண்மையில் காற்று நன்றாகத்தான் போனது. பொய்க்குள் கொஞ்சம் உண்மை இருந்தால் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

பிறகு பௌசியா வாடிக்கையாளர்களிடம் றாக்கையைக் காட்டத் தொடங்கினார். "என்ர பெட்டி பூட்டிலதான் கிடக்குது. திறப்பு என்ர கழுத்தில" என்று சங்கிலியில் தொங்கும் சாவியை எடுத்துக் காட்டுவாராம். எனக்கு அது காதில் விழுந்தது. ஒருநாள் போய்ச் சரிப்படுத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒருநாள் வருவதற்குள் மாதங்கள் போய்விட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், பௌசியா எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணன், வாங்கோ. இப்பவே வாங்கோ."

என்ன பழுது என்று கேட்டேன். ஒன்றும் பழுதில்லை என்றார். மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆனது.

விறாந்தையில் மறிச்சுக்கட்டியிலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் றமீஸா. அவருடைய மகளின் கல்யாணத்தைப் பௌசியா ஒரு மாதத்துக்கு முன்னர் எடுத்திருந்தார். மற்றவர் றமீஸாவின் தம்பி, மணப்பெண்ணின் மாமா. பௌசியாவின் கணவர் தூணோடு நின்றார். அவர் மீன் ஏற்றும் லொறியை நிறுத்திவிட்டு வந்திருந்தபடியால் இடைக்கிடை மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் முக்காடு இல்லாமல் தோழிகளோடு கைதட்டிப் பாடுகிற ஒரு சின்ன வீடியோ, ஊர் ஊராகப் போன்களில் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் கதை வந்துவிட்டது. பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பெண்கள் பக்கத்தைப் படம் எடுத்தவர் ஒருவர்தான். ஆகவே எல்லாரும் ஒரு பெயரைத்தான் சொன்னார்கள்.

முன்பு நான் கணினி வகுப்பு எடுத்ததால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நான் மாஸ்டர். தம்பிக்காரர் மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"மாஸ்டர், நீங்கதான் இந்தப் பெட்டியப் பூட்டிக் குடுத்தது எண்டு சொன்னாங்க. இவவின்ர திறப்பு இல்லாம ஆராலும் உள்ளுக்க கை வைக்க ஏலுமோ?"

நான் சொன்னேன்: "திறப்பு ஒண்டுதான். அது இவவிட்டத்தான் கிடக்குது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. உங்களில் யாராவது என்றைக்காவது ஒரு வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு பதில் சொல்வதைக் கேட்டால், உடனே நிறுத்துங்கள். எனக்கு அன்று நிறுத்த ஒருவரும் இல்லை.

பௌசியா என்னை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

றமீஸா இப்போதுதான் பேசினார். குரல் உயரவில்லை.

"நான் உன்னில பழி போட வரேல்ல, பிள்ளை. எனக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லோணும். இந்தப் பெட்டிக்குள்ள இருந்து படம் போகேல்ல, உன்ர திறப்பு இல்லாம ஒருவரும் தொட ஏலாது எண்டு நீ சத்தியம் பண்ணு. நான் அதக் கொண்டுபோய்ச் சொல்லுறன்."

பௌசியா ஒரு கணமும் யோசிக்கவில்லை. தலைத்துணியைச் சரிப்படுத்திக்கொண்டு நேராக நின்றார். அவருக்குப் பயமே இல்லை. தான் சொல்லப்போவது உண்மை என்று அவருக்குத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

"வல்லாஹி," என்று தொடங்கினார், "இந்தப் பெட்டிய என்ர திறப்பு இல்லாம..."

நான் வேறு சமயத்தவன். எங்கள் வீடு திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட. ஆனால் அல்லாஹ்மேல் ஆணை என்ற அந்தச் சொல்லை அங்கே ஒருவரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். என்னுடைய ஒரு பொய்யை இந்தப் பெண் தன் இறைவனுக்கு முன்னால் தன்னுடைய உண்மையாகச் சொல்லப்போகிறார். சொல்லி முடித்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது.

"பொறுங்கோ," என்றேன். "சத்தியம் பண்ணாதேங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அறைக்குள் போய் றாக்கையைப் பிடித்து இழுத்தேன். அது கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அதைத் திருப்பி அவர்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டினேன். வயர்கள் தொங்கின. சின்னப் பச்சை வெளிச்சங்கள் மினுங்கின.

உம்மா கதிரையில் இருந்தபடி எட்டிப் பார்த்தார். "அலுமாரிக்கு முதுகே இல்லையே," என்றார்.

"இல்லை," என்றேன். "நான்தான் கழட்டினனான். காத்துக்கு எண்டு சொன்னது பொய். நான் அளவு பிழையா எடுத்ததால கதவு சாத்தேல்ல. பென்டிரைவ் குத்துற ஓட்டை முன்னுக்குப் பூட்டுக்குள்ள கிடக்குது. பின்னுக்கு நாலு ஓட்டை சும்மா கிடக்குது. இவவுக்கு இது தெரியாது. கேக்கிறத என்னட்டக் கேளுங்கோ."

பௌசியா றாக்கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

தம்பிக்காரரின் மரியாதை அங்கே முடிந்தது. "அப்ப பின்னால கை போட்டவர் நீர்தான்."

"ஓம். ரெண்டு தரம். தூசி எடுக்க."

"தூசிதான் எடுத்தீரோ?"

என் வயதுக்கு, ஒருவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. முகம் எரிந்தது. ஆனால் கோபப்படும் உரிமை என்னிடம் இருக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னர் பூட்டைப் பற்றி அரைப் பதில் சொன்னவன், தூசியைப் பற்றிச் சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்?

பதில் உம்மாவிடமிருந்து வந்தது. "அவர் வந்த நேரமெல்லாம் நான் இந்தக் கதிரையிலதான் இருந்தனான். மனிசன் தும்மினது எத்தனை தரம் எண்டும் எனக்குத் தெரியும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. உம்மாவும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஆனால் அது எனக்கு மூச்சு விட இடம் தந்தது. பதற்றத்தில் இருக்கும்போது நாங்கள் எல்லாரும் சாமானைப் பற்றியே யோசிக்கிறோம். பூட்டு, கதவு, ஓட்டை. இவ்வளவு நேரமும் ஒருவரும் அந்த வீடியோவைப் பற்றி யோசிக்கவில்லை. எப்படி யோசிப்பது? அதைப் பார்க்கக் கூடாது என்பதுதானே பிரச்சினை.

"அக்கா," என்று றமீஸாவிடம் கேட்டேன், "அந்தப் படம் உங்கட போனில கிடக்கோ?"

"கிடக்குது."

"நீங்க மட்டும் பாருங்கோ. நான் அங்கால திரும்பி நிக்கிறன். கேக்கிறதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்கோ."

நான் சுவரைப் பார்த்து நின்றேன். தம்பிக்காரரும் கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்து நின்றார். கணவரும் திரும்பிக்கொண்டார். மூன்று ஆம்பிளைகள் ஒரு கலண்டரைப் பார்த்தபடி நிற்க, விசாரணை நடந்தது.

"படம் போனில நிமிந்து நிக்குதோ, குறுக்கால படுத்திருக்கோ?"

"நிமிந்து."

"பௌசியா எடுக்கிற படம் எல்லாம் குறுக்காலதான் வரும்."

"அத வெட்டி நிமித்தலாம்தானே?" என்றார் தம்பிக்காரர், கலண்டரிடம். நல்ல கேள்வி. நிமித்தலாம்தான். எனக்கு அடுத்த கேள்வி வர நேரம் எடுத்தது.

"அக்கா, படத்தில தெரியிற ஆக்கள எல்லாரையும் ஒவ்வொருத்தராப் பாருங்கோ. பௌசியா அதில நிக்கிறாவோ?"

போனிலிருந்து கைதட்டும் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது, நின்றது, திரும்பத் தொடக்கத்திலிருந்து கேட்டது. மூன்றாம் தரம் கேட்டபோது றமீஸா பேசினார்.

"மூலையில ஒரு ஆள் நிக்குது. முதுகுதான் தெரியுது. கையில கமெரா."

"அது நான்தான்," என்றார் பௌசியா. "அந்தப் பாட்டுக்கு நான் அலுமாரிப் பக்கம் நிண்டு எடுத்தனான்."

தன்னையே தூரத்திலிருந்து யாரும் எடுக்க முடியாது. அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் றமீஸா போனை உடனே வைக்கவில்லை. இன்னொரு தரம் ஓடவிட்டார். யாரோ ஒரு விருந்தாளி, உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்திருக்கிறார். எடுத்தவரின் கை படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது என்று பிறகு பௌசியா சொன்னார். றமீஸா அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டார்.

"எனக்கு விளங்கிட்டுது," என்றார். யார் என்று சொல்லவில்லை. எழும்பிப் பௌசியாவின் கன்னத்தைத் தொட்டார். "மாப் பண்ணு, பிள்ளை." தம்பிக்காரரும் எழும்பினார். போகும்போது என் மோட்டார் சைக்கிளைத் தன் வானுக்கு இடைஞ்சல் இல்லாமல் தானே தள்ளி நிறுத்திவிட்டுப் போனார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு பௌசியா முதல்தடவை என்னைப் பார்த்தார்.

"பின்கதவு எங்க?"

"எங்கட வீட்டில. கோழிக்கூட்டுக்குக் கதவாப் போட்டிருக்கிறன்."

"நான் சத்தியம் பண்ணி முடிச்சிருந்தா?"

படம் அந்தப் பெட்டியிலிருந்து போகவில்லை என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நாளைக்கு வாங்கோ. அளக்கிற நாடா கொண்டுவாங்கோ," என்றார்.

அடுத்த நாள் நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். சோக்கட்டியால் நிலத்தில் எல்லாவற்றையும் கீறினோம். முன்கதவிலிருந்து கம்பி வரைக்கும், கம்பியிலிருந்து கேஸின் வால் வரைக்கும், வாலிலிருந்து வயர் வளையும் இடம் வரைக்கும். ஆழமான றாக்கை வாங்கலாமா என்று பார்த்தோம். வாங்கினால் யன்னல் திறக்காது, அந்த அறையின் வாசலாலும் உள்ளே போகாது. ஆகவே றாக்கையை மாற்றாமல் கேஸை மாற்றினோம். நீளமான ஒன்றுக்குப் பதிலாகக் கட்டையான இரண்டு. டிஸ்குகளை இரண்டிலும் பிரித்துப் போட்டோம். உயரத்தில் இடம் இருந்தது. இதை முதல்நாளே யோசித்திருக்கலாம். பின்கதவைக் கூட்டிலிருந்து கழற்றி, கழுவி, மூன்று தரம் கழுவி, திரும்ப றாக்கையில் பூட்டினேன். காற்றுக்குப் பிரச்சினை வரவில்லை. அந்தக் கதவு முழுக்கத் துளைகள்தானே. கணினிகளுக்குக் கடவுச்சொல்லும் வைத்தோம். அவர் அதைத் தட்டும்போது நான் பழையபடி கலண்டரைப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு வருடம் அவர் வேறு வேலைக்கு என்னை அழைக்கவில்லை. அவர் அழைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. பிறகு ஒரு கணினியின் காற்றாடி பழுதாகி அழைத்தார். உம்மா அதே கதிரையில் இருந்தார். நான் காற்றாடியை மாற்றிக்கொண்டிருக்கையில் றமீஸா வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். என்னைக் கண்டதும் நின்றார்.

"இவர்தானே?"

"ஓம், இவர்தான்," என்றார் பௌசியா.

பௌசியா கழுத்திலிருந்து திறப்பைக் கழற்றி என்னிடம் தந்து, எல்லாவற்றையும் பூட்டச் சொன்னார். பூட்டினேன். பௌசியா திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, றாக்கையை இழுத்து முதலில் பின்பக்கத்தை றமீஸாவுக்குக் காட்டினார்.

"என்ர வாயால ஒண்டும் சொல்லேல்ல, சாச்சி. நீங்களே இழுத்துப் பாருங்கோ."

றமீஸா கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். இன்னொரு தரம், ஒரு காலை முன்வைத்து, நன்றாக இழுத்தார். கதவு அசையவில்லை. பிறகு உட்கார்ந்து கல்யாணத் திகதியைச் சொன்னார்.